கல்லுமலைக்கு மேலே

சுகிர்தா கண்டி டவுனில் ஒரு தையற்கடையில் வேலை செய்தாள். கல்யாணப் பிளவுஸ்களுக்கு மணி வைத்துத் தைப்பதில் அவளுக்குக் கை நன்றாக ஓடும். மஹய்யாவையில் இன்னும் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் வீட்டுக்குப் போவாள். வீடு புசல்லாவைக்கு மேலே, கல்லுமலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர்களின் வரிசையறைகளான பழைய லயம் ஒன்றின் கடைசிக் காம்பிரா. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது புருஷன் தினேஸ் ஓட்டோவோடு நின்றிருப்பான். பின் சீட்டில் மகள் தர்ஷிகா கால்களை மடக்கி வைத்து உட்கார்ந்திருப்பாள். ஒன்பது வயது. யார் எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்கிற பிள்ளை. கதை முடிந்துவிட்டது என்று சொன்னாலும் கேட்பாள்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு புயல் வந்தது. கண்டியில் முதல் நாள் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாம் நாள் கடைத்தெருவில் தண்ணீர் ஏறியது. வியாழக்கிழமை இரவு தினேஸ் அவளுக்குப் போன் எடுத்தான். லயத்துக்கு மேலே தேயிலை மலையில் வெடிப்பு விட்டிருப்பதாகவும், எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லித் தோட்டத் தலைவர் வந்து சொன்னதாகவும், பாதிப் பேர் போய்விட்டதாகவும் சொன்னான். நீங்கள் போகவில்லையா என்று கேட்டாள். பாதை முழுக்கத் தண்ணீர் பாய்கிறது என்றான்.

"விடிஞ்சதும் போறோம். இந்த மழயில புள்ளய நனைய வச்சா காய்ச்ச வந்துரும்."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. தர்ஷிகா போனை வாங்கி, பள்ளிக்கூடத்தில் படுப்பதென்றால் மேசை மேலா கீழேயா என்று கேட்டாள். பிறகு லைன் அறுந்துபோனது.

விடியற்காலையில் மலை இறங்கிவிட்டது. சுகிர்தாவுக்கு அது தெரியவந்தது மத்தியானம். பக்கத்து அறைப் பையன் ஒருவனின் போனில் யாரோ அனுப்பிய படம் இருந்தது. பச்சை மலையில் மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு. எந்தத் தோட்டம் என்று படத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்கத் தேவையும் இல்லை. கோட்டுக்கு இடது பக்கம் நின்ற மூன்று சவுக்கு மரங்களை அவள் தினமும் பார்த்து வளர்ந்திருந்தாள்.

ரோடுகள் அறுந்திருந்தன. கம்பளை வரை ஒரு மரக்கறி லொறியில் போனாள். மகாவலி ஆறு டவுனுக்குள் ஏறியிருந்ததால் அந்த இரவு முழுக்க ஒரு பெற்றோல் செட்டில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு நடந்தாள். வழியில் ரோடு இல்லாத இடங்களில் தேயிலைக்குள் இறங்கி ஏறினாள். கூட நடந்தவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள், அழுதுகொண்டே வந்தார்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. அவனும் பிள்ளையும் விடிவதற்கு முன்பே கிளம்பியிருக்கலாம் என்று ஒரு கணக்கு அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தினேஸ் இருட்டோடு எழும்புகிறவன். எழும்பியிருப்பான். ஓட்டோவை ஸ்டார்ட் செய்திருப்பான்.

மேல் டிவிசனுக்கு அவள் வந்து சேர்ந்தபோது லயம் இருந்த இடம் எதுவென்றே சொல்ல முடியவில்லை. சேறும் பாறையும் வேரோடு பெயர்ந்த தேயிலைச் செடிகளும் ஆற்றங்கரை வரை கிடந்தன. லயத்துக்கு மேலே இருந்த மாரியம்மன் கோயிலும் சேர்ந்தே போயிருந்தது. தினேஸின் அண்ணன் கறுப்பையா இடுப்பளவு சேற்றில் நின்று மம்பட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வீடு கீழ் டிவிசனில் இருந்ததால் அவரும் மனைவி சந்திரிகாவும் தப்பியிருந்தார்கள். அவளைக் கண்டதும் அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. தலையை மட்டும் இரண்டு பக்கமும் ஆட்டினார். ஓட்டோ கிடைத்துவிட்டதாகவும் அதில் யாரும் இல்லை என்றும் பக்கத்தில் நின்றவர்தான் சொன்னார்.

தப்பியவர்களும் உறவுக்காரர்களும் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். மேடான இடத்தில் இருந்த நீண்ட கட்டடம். ஆமிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வர ரோடு இல்லை. மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒவ்வொரு முறை பெய்யும்போதும் வெட்டுகிறவர்களை மேலே கூப்பிட்டுவிடுவார்கள். மழை நின்றதும் திரும்ப இறங்குவார்கள். சுகிர்தாவும் இறங்கப் பார்த்தாள். பெண்கள் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். அதனால் வராந்தாவில் உட்கார்ந்து, கீழே தெரியும் சிறு சிறு மனிதர்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். யாராவது குனிந்தால் எழுந்து நின்றுவிடுவாள். அவர்கள் ஒரு சட்டியையோ கதவுத் துண்டையோ எடுத்து ஒதுக்கிப் போடுவார்கள்.

கரண்ட் இல்லை. தோட்டத்துக்கு மட்டும் அல்ல, கம்பளையில் இருந்து நுவரெலியாப் பக்கம் வரை எங்கும் இல்லை என்றார்கள். போன்கள் செத்துக் கிடந்தன. டோர்ச் வெளிச்சத்தைப் பிள்ளைகள் கக்கூசுக்குப் போக மட்டும் பயன்படுத்தினார்கள். இருட்டியதும் எல்லோரும் வகுப்பறைகளுக்குள் ஒடுங்கிவிடுவார்கள்.

அவள் வந்த மறுநாள் பின்னேரம் மழை முழுதாக விட்டது. காற்று திரும்பியது. மலைமேல் தொங்கிக்கொண்டிருந்த மேகம் நகர்ந்து போவதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் மண்ணில்தான் இருந்தது. இருட்டிய பிறகு, சோறு வேகக் காத்திருந்த நேரத்தில், சந்திரிகா சுகிர்தாவிடம் வாளியைக் கொடுத்துப் பீலிக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வரச் சொன்னாள். ஏதாவது வேலை கொடுத்தால் நல்லது என்று நினைத்திருக்க வேண்டும்.

மலைத் தண்ணீர் குழாய் வழியே கொட்டுகிற அந்தப் பீலி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. சுகிர்தா வாளியை வைத்துவிட்டு, நிறையட்டும் என்று நிமிர்ந்தாள்.

முதலில் அது என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை. ஏதோ பற்றி எரிகிறது என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகுதான் அவை நட்சத்திரங்கள் என்று தெரிந்தது. அவள் நட்சத்திரம் பார்க்காதவள் அல்ல. கண்டியில் கடை மூடி வரும்போது ஒன்றிரண்டு தெரியும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் தோட்டத்தில் இருட்டினால் குளிருக்கும் அட்டைக்கும் பயந்து கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே வந்தால் பனிமூட்டம் இருக்கும், இல்லாவிட்டால் தேயிலைப் பெக்டரி வெளிச்சம் இருக்கும். முப்பத்து மூன்று வயது வரைக்கும் இது தன் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது என்பது அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது.

கறுப்பு என்று சொல்ல இடமே இல்லை. பெரிய நட்சத்திரங்களுக்கு நடுவே சிறியவை, அவற்றுக்கு நடுவே இன்னும் சிறியவை, அதற்கும் பின்னால் மாவு தூவியது போல ஒரு வெளுப்பு மலையின் ஒரு முகட்டில் ஏறி மறு முகட்டில் இறங்கியது. கிழக்கே ஒரு சிறு கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. பார்க்கப் பார்க்கச் சில கிட்ட வந்தன, சில பின்னுக்குப் போயின. வானம் ஒரு கூரை என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். அது கூரை இல்லை. அதற்கு உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். மேலே இல்லை அது, எதிரே இருந்தது. அவள் அதன் விளிம்பில் நின்றாள். கால் தவறினால் அதற்குள் விழுந்துவிடுவோம் என்று உடம்பு பயந்து, கை தானாகப் பீலிக் கம்பைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்திலும் ஒரு சந்தோஷம் இருந்தது. சின்ன வயதில் ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது வயிற்றில் எழும்புமே, அது போல.

எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. வாளி நிரம்பி வழிந்து பாதம் நனைந்தபோதும் நகரவில்லை. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் அவளுக்குப் பெயரில்லை, ஊரில்லை, தோட்டம் இல்லை. தினேஸ் இல்லை. தர்ஷிகா இல்லை. அவர்கள் இறந்துபோனதும் இல்லை.

பிறகு அது திரும்பி வந்தது. மெல்ல வரவில்லை. முதல் முறை கேள்விப்பட்டது போலவே முழுதாக வந்தது. நான் எப்படி மறந்தேன் என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். கீழே மலை கிடந்த பக்கம் பார்த்தாள். அங்கே மட்டும்தான் இருட்டு இருந்தது.

வாளியைத் தூக்கத் திரும்பியபோது சந்திரிகா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். வாளியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தினேஸ் கிடைத்தான். லயத்தின் கோடிச்சுவர் விழுந்த இடத்துக்கு நேர் கீழே, வெகு தூரத்தில் கிடைத்தான். சுகிர்தாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். முகத்தைக் கழுவியிருந்தார்கள். வலது கை, எதையோ பிடித்திருந்தது போல மடங்கியிருந்தது. அந்தக் கையைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெட்டிப் பார்த்தார்கள். மத்தியானம் வரை வெட்டினார்கள். தர்ஷிகா அங்கே இல்லை.

அன்றே புதைத்தார்கள். வைத்திருக்க வழியில்லை. கீழ் டிவிசன் விளையாட்டுத் திடலில் வரிசையாகக் குழி வெட்டியிருந்தார்கள். ஐயர் வரவில்லை, யாரோ தேவாரம் பாடினார்கள். மண் போட்டு முடிந்து எல்லோரும் ஏறி வரும்போது கறுப்பையா பாதையில் நின்றார். முன்னால் போனவர்களைப் போகவிட்டு அவளைப் பார்த்தார்.

"நேத்து நீ வானத்தப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு நின்னத சந்திரிகா பாத்திருக்கா. எங்கூடப் பொறந்தவன் மண்ணுக்குள்ள கெடந்தான். ஒனக்கு எப்படிப் புள்ள சிரிப்பு வந்திச்சு?"

தான் சிரித்தது சுகிர்தாவுக்குத் தெரியாது. சிரித்திருக்கலாம். இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. பிறகு அவர் கோபம் தீர்ந்தவர் போல, களைத்துப்போய், ஏறி நடந்தார்.

அதற்குள் விஷயம் பள்ளிக்கூடத்தில் பரவியிருந்தது. அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் பரிதாபப்பட்டார்கள். டவுனில் வேலை செய்கிறவள், அங்கே என்ன தொடர்போ என்று ஒருத்தி சொன்னது சுகிர்தாவின் காதிலும் விழுந்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை. அவர்கள் சொன்ன எதையும்விட மோசமானது ஒன்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்திருந்தது. புருஷனைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள், மகள் எங்கே கிடக்கிறாள் என்று தெரியாது, ஆனாலும் மனதின் ஒரு மூலை எப்போது இருட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் கம்பளையில் இருந்து ஒரு வேன் ரோடு அறுந்த இடம் வரை வந்தது. அமான் என்பவரும் அவர் மனைவி பர்ஹானாவும் இன்னும் சிலரும் சோற்றுப் பார்சல்களையும் உடுப்புகளையும் தோளில் சுமந்துகொண்டு ஏறினார்கள். அவர்களுடைய வீட்டிலும் ஜன்னல் மட்டத்துக்கு ஆற்றுத் தண்ணீர் வந்து போயிருந்தது. சேற்றை வழித்துப் போட்டுவிட்டு அப்படியே சமைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இருட்டிய பிறகு இறங்குவது ஆபத்து என்பதால் அன்றிரவு அங்கேயே தங்கினார்கள். பர்ஹானா பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சுகிர்தாவின் வயதுதான் இருக்கும். சாப்பிடாமல் வராந்தா நுனியில் உட்கார்ந்திருந்த சுகிர்தாவின் பக்கத்தில் வந்து பார்சலை வைத்துவிட்டு, அவளும் உட்கார்ந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதனாலேயே சுகிர்தாவுக்கு அவளிடம் பேசலாம் என்று தோன்றியது.

மேலே எல்லாம் வந்திருந்தது, முந்திய நாள் போலவே. சுகிர்தா பார்க்காமல் இருக்க முயன்று தோற்றிருந்தாள். அவை எவ்வளவு தூரம் என்று கேட்டாள். பர்ஹானா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஒவ்வொன்றும் ஒரு சூரியன் என்றாள். கிட்ட இருப்பதற்குக்கூட ஆயுள் முழுக்கப் பறந்தாலும் போய்ச் சேர முடியாது என்றாள். அந்த வெளுப்பான பட்டை புகை இல்லை, அதுவும் நட்சத்திரங்கள்தான், பிரித்துப் பார்க்க நம் கண்ணுக்குப் பலம் போதாது என்றாள். வகுப்பில் பலமுறை சொன்னதுதான் இது, ஆனால் இப்படித் தெரிந்ததைத் தானும் கண்டதில்லை என்றாள். சொல்லும்போதே அவள் குரல் தணிந்துபோனது.

சுகிர்தா அந்த வெளுப்பான பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"டீச்சர், அங்கேருந்து பாத்தா நம்ம மல தெரியுமா?"

"மலையா?" பர்ஹானா தயங்கினாள். "இல்ல. எங்கட பூமியே தெரியா. சூரியன் ஒரு சின்னப் புள்ளியா தெரியும். அதுவும் கிட்ட ஈக்கிற சிலதுலேருந்து மட்டும்தான்."

"அப்ப யாரும் பாக்கல."

அவள் எதைச் சொல்கிறாள் என்று பர்ஹானாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவள் அவசரமாக, படைத்தவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், அவனுக்குத் தெரியாமல் ஓர் இலைகூட விழாது என்றாள். சுகிர்தா தலையாட்டினாள். மாரியம்மனையும் மண்தான் கொண்டுபோனது என்று சொல்ல வாயெடுத்தாள். பசியோடு சமைத்துச் சுமந்து வந்தவளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. பர்ஹானா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். அவளுடைய கையைச் சுகிர்தா பிடித்துக்கொண்டாள். யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்று தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

யாரும் பார்க்கவில்லை. அந்த விடியற்காலையில், இருட்டில், மலை அவர்கள்மேல் வந்தபோது, இத்தனை ஆயிரம் விளக்குகள் இருந்தும் ஒன்றுகூட அதைப் பார்க்கவில்லை. மேகத்துக்கு மேலே அவை அப்போதும் இப்படியே இருந்திருக்கின்றன. அவள் இதை வெறுப்போடு நினைக்க முயன்றாள். வெறுக்க முடியவில்லை. அவை அவ்வளவு அழகாக இருந்தன. வெறுக்க முடியாததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

அமான் வந்து கூப்பிட, பர்ஹானா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கறுப்பையா கீழேயிருந்து ஏறி வந்தார். தலை முதல் கால் வரை சேறு. மம்பட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, கை கழுவவும் தெம்பில்லாமல் வராந்தாப் படியில் உட்கார்ந்தார். புதைத்துவிட்டு வரும்போது பேசியதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சுகிர்தா எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார். அப்போது அவளுக்கு ஓர் ஆசை வந்தது. இந்த மனிதருக்கும் அது கிடைக்கட்டும், கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துபோகட்டும், அதற்குப் பிறகு தன்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும் என்று.

"மச்சான், ஒரு நிமிசம் மேல பாருங்க."

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் திட்டவில்லை. தலையை நிமிர்த்தினார். கழுத்து நரம்புகள் தெரிய, நிறைய நேரம் பார்த்தார். சுகிர்தா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் அசையவில்லை.

"பாத்தேன்" என்றார்.

"ஒண்ணும் தோணலயா?"

"நெறைய இருக்கு. அதுக்கு என்னா இப்ப?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அவர் இன்னொரு முறையும் மேலே பார்த்தார், ஏதாவது தவறவிட்டோமோ என்பதுபோல. பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்தார். போகும்போது, நாளையோடு வெட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றார். மேலே இன்னும் ஒரு பாளம் தொங்குகிறதாம், வெட்டினால் அதுவும் இறங்குமாம். மண்சரிவுகளைப் பார்க்கிற கட்டட ஆராய்ச்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்களாம். கிடைக்காதவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்று பேசியிருக்கிறார்கள்.

"நான் ஒரு நா கூடக் கேட்டேன்" என்றார். "தர மாட்டேன்னுட்டாங்க."

மறுநாள் பின்னேரத்துக்கு முன்பே ஆட்கள் மேலே வந்துவிட்டார்கள். சுகிர்தா தடையையும் மீறி இறங்கினாள். யாரும் பிடிக்கவில்லை. தினேஸ் கிடந்த இடத்தில் உட்கார்ந்து கையால் தோண்டினாள். மேற்பரப்பு காயத் தொடங்கியிருந்தது. அடியில் ஈரம். ஒரு சாண் போவதற்குள் நகங்கள் கிழிந்தன. கறுப்பையா வந்து பக்கத்தில் நின்றார். அவளைத் தூக்கவில்லை. அவள் ஓய்ந்துபோகும்வரை நின்றார். பிறகு இருவரும் ஏறினார்கள்.

இன்னும் சில நாட்கள் கழித்து கரண்ட் வந்தது. பள்ளிக்கூடத்து பல்புகள் எல்லாம் ஒரேயடியாக எரிந்தன. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், பெரியவர்கள் போன்களைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஓடினார்கள். எதிர் மலையில், ரோட்டோரத்தில், தூரத்துப் பெக்டரியில் வெளிச்சங்கள் வந்தன. சுகிர்தா வராந்தாவுக்கு வந்து பார்த்தாள். பெரிய நட்சத்திரங்கள் சில இருந்தன. மற்றவை போய்விட்டன.

அவள் கண்டிக்குத் திரும்பினாள். வேறு எங்கே போவது? கடைக்காரர் நல்ல மனிதர், எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓய்வெடு என்றார். ஓய்வெடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. தை மாதத்துக்குக் கல்யாணங்கள் வரிசையாக இருந்தன. காலையில் இருந்து இருட்டும்வரை மணி வைத்துத் தைத்தாள். அறையில் கூட இருந்த பெண்கள் அவளைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பீலிக்கரையில் நடந்ததை ஒருநாள் அவர்களுக்குச் சொல்லிப் பார்த்தாள். அதிர்ச்சியில் அப்படி வரும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல டொக்டர் இருக்கிறார் என்றும் சொன்னார்கள். ஓரிரு முறை மொட்டைமாடிக்கு ஏறினாள். டவுன் வெளிச்சத்தில் வானம் செம்மண் நிறத்தில் இருந்தது. அந்த நிறத்தைப் பார்க்கச் சகிக்காமல் இறங்கிவிட்டாள்.

தைப்பொங்கல் கழிந்து, இறந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பூசை செய்தார்கள். சுகிர்தா போனாள். மெயின் ரோட்டில் இருந்து தனியே நடந்தாள். குடும்பங்கள் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தன. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வெளியே தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். புது வீட்டுக்கு இடம் பார்ப்பதாகச் சொன்ன அதிகாரிகள் வேறு அதிகாரிகளாக மாறியிருந்தார்கள். சரிந்த மண்ணில் புல் முளைத்திருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. எந்த இடம் எது என்று இனி யாருக்கும் தெரியாது. கிடைத்தவர்களுக்குத் திடல் புதைகுழிகளிலும், கிடைக்காதவர்களுக்கு மண்ணின் விளிம்பிலும் விளக்கு வைத்தார்கள். சந்திரிகா அவள் கையில் விளக்கைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள். பரவாயில்லை என்றாள் சுகிர்தா. நீங்கள் பார்த்தது உண்மைதானே என்றும் சொன்னாள்.

பூசை முடிந்து எல்லோரும் ஏறிய பிறகு அவள் மண்ணின் விளிம்பிலேயே நின்றாள். தை மாதத்து வானம், ஒரு துண்டு மேகம் இல்லை. பள்ளிக்கூடத்து வெளிச்சம் மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்தது. குளிர் ஏற ஏற நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து, பிறகு கூட்டமாக வந்து, கடைசியில் அன்று பார்த்த அளவுக்கே வந்துவிட்டன. அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள். வெட்கத்தை எல்லாம் எப்போதோ விட்டிருந்தாள். கொஞ்ச நேரம் அந்தப் பெயரில்லாத இடத்துக்குப் போய்வந்தால் போதும் என்று நிமிர்ந்து நின்றாள்.

வியப்பு வந்தது. அதில் குறையில்லை. அன்று போலவே ஆழம் திறந்தது, அன்று போலவே வயிறு எழும்பியது. ஆனால் மறதி வரவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தபடியே, கால்களுக்குக் கீழே பிள்ளை இருப்பது நன்றாகத் தெரிந்தபடியே, அவள் அந்த அழகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி எப்போது பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு விளங்கியது.

மேட்டில் இருந்து கறுப்பையா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சோறு போட்டாச்சு என்றார். அவள் வருகிறேன் என்று குரல் கொடுத்தாள். விளக்கில் எண்ணெய் முடிகிற வரை நின்றுவிட்டு, பாதையைக் கையால் தடவித் தடவி ஏறினாள். காலையில் முதல் பஸ்ஸில் அவள் கண்டிக்குப் போக வேண்டியிருந்தது.